வாசிப்பின் பயன்



பரீட்சை முடிந்த மறுநாளே பாடநூல்களைக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். அதன்பின் தொழில், இல்லறம், பிள்ளைகள் என்று காலம் கழிகிறது. வயது வந்த ஒருவர் கையிற் கதைப்புத்தகத்தைக் கண்டால், "இதனால் உமக்கு என்ன பயன்?" என்று கேட்பாரும் உளர்.

'பயன்' என்னும் சொல்லுக்கு நம்மவரிடையே வேறொரு பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார். அவ்வாறு விரித்துரைத்தலையே 'பயன் சொல்லுதல்' என்பர். அதனைக் கேட்க வந்தோர் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தவர் அல்லர். அன்றாட வேலையினின்று சற்று ஓய்ந்து வந்தவர்கள். சூரபன்மனின் செருக்கையும் வீழ்ச்சியையும் கேட்டிருந்த பொழுதிலே தத்தம் கவலையை மறந்தனர். பொருளுணர்ந்து இன்புறுதலே அவர்கள் கண்ட பயன்.

தனித்திருந்து நூல் படிப்போர்க்கும் இதுவே நிகழ்கிறது. அலைந்து திரியும் மனம் ஒன்றைப் பற்றி நிற்கிறது. கதைமாந்தரின் துயரைத் தம் துயராக உணர்பவர், அயலவர் துயரையும் உணரப் பழகுகிறார்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 50 வயதைக் கடந்த 3,635 பேரைப் பற்றிய 12 ஆண்டுக் காலத் தரவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். செல்வம், கல்வி, உடல்நிலை ஆகியவற்றின் வேறுபாடுகளைக் கணக்கிலெடுத்த பின்னரும், நூல் வாசிப்போர் அக்காலத்துள் இறக்கும் வாய்ப்பு, வாசியாதோரைவிட ஏறத்தாழ 20 வீதம் குறைவாக இருந்தது. பத்திரிகை வாசிப்பிலும் நூல் வாசிப்பிலேயே இந்நன்மை மிகுதியாகக் காணப்பட்டது. வாசிப்பே ஆயுளை நீட்டிற்று என்று இதனால் முடிவுகட்டுதல் தகாது. எனினும் அதனை வீண்பொழுதென்று தள்ளுதலும் தகாது.

ஆதலால், நாளொன்றுக்கு அரைமணி நேரத்தை உங்களுக்கென ஒதுக்குங்கள். விரும்பிய நூலையே எடுங்கள். சுவைக்காவிடின் மூடிவைத்து வேறொன்றைத் தேடுங்கள். கடமைக்காகப் படித்த காலம் முடிந்துவிட்டது.

இன்னுமொன்று. கண்பார்வை மங்கியதால் வாசிப்பைக் கைவிட்ட தாயோ தந்தையோ உங்கள் இல்லத்தில் இருக்கக்கூடும். அவர் விரும்பும் நூலை அருகிருந்து உரக்கப் படியுங்கள். இடையிடையே அவர் கதையை நிறுத்திப் பொருள் சொல்லத் தொடங்குவார், தடுக்காது கேளுங்கள். நெடுநாள் பேசாதிருந்தவர் பேசுகிறார் அல்லவா? அதுவும் வாசிப்பின் பயனே.