வேலை இழந்தோருக்கு உரியவை



1911ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசியக் காப்புறுதிச் சட்டம், கப்பல் கட்டுதல், கட்டட வேலை முதலிய சில தொழில்களில் வேலையிழந்தோருக்கு வாரம் 7 சிலிங் வீதம், ஆண்டொன்றில் 15 வாரம் வரை உதவிப்பணம் கிடைக்க வழிசெய்தது. தொழிலாளியும் முதலாளியும் அரசாங்கமும் சேர்ந்து இட்ட பணம் அது. ஆதலின் அதனைப் பெற்றவன் பிறரிடம் இரந்தவன் அல்லன்.

நம் நாட்டில் அத்தகைய பொதுக் காப்புறுதி நிலைபெறவில்லை. வேலை போன மறுநாள் விண்ணப்பப் பத்திரம் கேட்டுச் செல்வதற்கு ஒரே அலுவலகம் இங்கு இல்லை. அதனால், "நமக்கு ஒன்றும் இல்லை" என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகின்றனர். அஃது உண்மையன்று. உரியவை உள, அவை பல வாசல்களிற் சிதறிக் கிடக்கின்றன.

முதல் வாசல் முதலாளியின் மேசையே. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் தாபனமொன்றில், முந்திய 12 மாதத்துள் 180 நாளேனும் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்குவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் முன்னனுமதி வேண்டும். இவ்விரண்டில் எது எளிது என்பதை முதலாளிமார் நன்கறிவர். ஆகவேதான், "நீரே விலகுவதாக எழுதித் தாரும், கணக்கை இன்றே தீர்த்துவிடுவோம்" என்ற இனிய பேச்சு எழுகிறது. கலங்கிய மனத்தோடு இட்ட அக்கையொப்பம், நீக்கத்தைத் தாமே விரும்பிய விலகலாக மாற்றிவிடும். வற்புறுத்தி வாங்கினர் என்று பின்னர் வாதாடலாம். ஆனால் அதனை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலேயே விழும். வாசித்துப் பார்க்க ஒரு நாள் தவணை கேளுங்கள். தவணை மறுக்கப்படும் கடிதம் நன்மைக்குரியதாக இருத்தல் அரிது.

நீக்கம் நியாயமற்றதெனின், தொழில் நியாய மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குரிய தவணை ஆறு மாதம். சமரசப் பேச்சிலே அம்மாதங்கள் கரைந்துபோக விடலாகாது.

பணிக்கொடை வேறு. 15 பேருக்குக் குறையாத தாபனத்தில் ஐந்தாண்டு நிறைத்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் வழங்குகிறது. மாதச் சம்பளம் 60,000 ரூபா, சேவை எட்டு ஆண்டு எனின், தொகை 2,40,000 ரூபா. தாமே விலகினாலும் இது உண்டு. முப்பது நாளுள் கொடுபடாவிடின் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி செலுத்திய நூற்றுக்கு 3 வீதப் பணத்தையும் வேலை விட்டபின் கோரலாம். ஆயினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையே. ஊழியர் சேமலாப நிதியின் நிலை இவ்வாறன்று. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதாகும்வரை, வேலை போயிற்று என்ற காரணத்துக்காக மட்டும் அது கைக்கு வராது. எனினும் இப்பொழுதே ஒரு வேலை உண்டு: தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மாதந்தோறும் கணக்கிற் சேர்ந்தனவா என்று பார்த்தல். தாபனம் மூடப்பட்டு, ஏடுகள் எங்கோ ஒதுங்கியபின் அக்கணக்கைத் தேடுதல் மிகக் கடினம். சம்பளச் சீட்டுகளும் நியமனக் கடிதமும் அலுவலக அலுமாரியில் இருந்தால், மேசையைக் காலிசெய்யும் அன்றே அவற்றையும் எடுத்து வாருங்கள்.