சீட்டு மேசையில் முகம் பேசும்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரம்மி மேசை போட வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது என்கிறார்கள் சிலர். முடிவெடுக்கும் முன்பு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

கரிசல் காட்டுக்குச் சீட்டு புதிதில்லை. இது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் அறுப்பு முடிந்தால் கோடையில் காட்டு வேலை குறைவு. வேப்பமரத்தடியில் ஒரு பக்கம் தாயமும் ஆடுபுலியும் நடக்கும், இன்னொரு பக்கம் சீட்டு நடக்கும்.

ரம்மி தெரிந்தவர் தன் கையிலுள்ள 13 சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவர் முகத்தையும் விரலையும் பார்ப்பார். சீட்டு சேராதவர் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு சீட்டுக்குக் காத்திருப்பவர் அடுக்குவதை நிறுத்திவிடுவார். தன் முறை வருமுன்பே அவர் கண் கட்டின் மேல் போய்விடும்.

போக்கர் ஆடுகிறவர்களின் இந்த அசைவுகளைப் பற்றி அமெரிக்கரான மைக் காரோ 1984-இல் ஒரு புத்தகமே போட்டார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: நடிக்கிறவர் பெரும்பாலும் தலைகீழாக நடிப்பார். நல்ல சீட்டு வந்தவர் பெருமூச்சு விடுவார். ஒன்றும் இல்லாதவர் விறைப்பாக உட்காருவார். "என்னத்த வந்துச்சு, பூராம் குப்பை" என்று புலம்பும் அண்ணாச்சியைப் பார்த்ததுமே ஸ்கூட் சொல்லிச் சீட்டைக் கவிழ்ப்பவர்கள் நம்மூரில் உண்டு. அவர்கள் காரோவைப் படித்தவர்கள் இல்லை, அண்ணாச்சியைப் படித்தவர்கள்!

ஒரு விஷயம். கை நடுங்கினால் நல்ல சீட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயதாகவும் இருக்கலாம். அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தான் இன்றைக்கு என்ன மாற்றம் என்று தெரியும்.

இனி எரிச்சல் தரும் பழக்கங்கள். விரலை நாக்கில் தொட்டுச் சீட்டு எடுப்பது. முறை வருமுன்பே கட்டில் கை வைப்பது. ஸ்கூட் சொன்ன பிறகு அடுத்த சீட்டைத் திருப்பிப் பார்த்து, "அடடா, ஆட்டின் ராணி!" என்று ஊருக்கே சொல்வது. தோற்றதும் அந்த ஆட்டத்தையே அரை மணி நேரம் ஆராய்வது. எல்லாவற்றையும் விட, பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர் "ம்ச்" கொட்டுவது. அந்த ஒரு சத்தத்தில் கையில் உள்ளது மேசைக்கே தெரிந்துவிடும்.

இதெல்லாம் சொல்லித் திருத்தக்கூடியவை. பணம் அப்படி இல்லை. 1967-இல் செகந்திராபாத் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும் என்று காரணமும் சொன்னது. ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவர் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே நம் மேசையில் ஐந்து பைசாவும் வேண்டாம்.

கைபேசி ரம்மியை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் வைத்து இணையத்தில் ஆடக் கூடாது என்ற தமிழ்நாட்டு விதி செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நடுராத்திரி என்பது வீடே தூங்கும் நேரம். தோற்பவர் முகத்தைப் பார்க்க அப்போது ஆள் கிடையாது. "போதும் மாப்ளே, எந்திரி" என்று சொல்லவும் ஆள் கிடையாது.

நம் மேசைக்கு இருக்கும் பலமே அதுதான். ஒருவர் கையில் ஜோக்கர் இருப்பதைக் கண்டுபிடிக்கும் நமக்கு, வழக்கமாகக் கலகலவென்று இருப்பவர் மூன்று வாரமாக வாய் திறக்காததும் தெரியாமல் போகாது. மேசைக்கு அடியில் கைபேசியையே பார்ப்பவர், அவசரக் கைமாற்று கேட்பவர், சிரிப்பு கண்வரை போகாதவர் என்று எல்லாரும் நம் கண்ணில் படுவார்கள். அதை நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, "என்னப்பா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று ஆரம்பித்தால் போதும். மீதியை அவரே சொல்வார்.

எனவே மேசை போடலாம் என்பது என் கருத்து. நாலு விதி வைப்போம்: பணம் கிடையாது, கைபேசி அலமாரியில், வேடிக்கை பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது, எட்டு மணிக்குக் கட்டை மூடிவிட வேண்டும். பெண்களும் வந்து உட்காரட்டும், வயதானவர்களுக்கு முதல் நாற்காலி.

விரலை நக்குபவருக்கு ஈரப் பஞ்சு டப்பா ஒன்றைச் சங்கச் செலவிலேயே வாங்கி வைத்துவிடலாம்.