கிளம்ப மறுக்கும் படகு எஞ்சின்

கேரளக் கடற்கரையில் 1980-களில் பரவிய அவுட்போர்டு எஞ்சின்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பழைய எஞ்சின் கிளம்பாவிட்டால் முதலில் எளியவற்றைப் பார்க்க வேண்டும்: கியர் நியூட்ரலில் இருக்கிறதா, நிறுத்தும் சுவிட்சின் கயிறு மாட்டியிருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா. எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அமுக்க அமுக்க அது கெட்டிப்பட வேண்டும். தொளதொளவென்றே இருந்தால் குழாயில் எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கலாம்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். முனை காய்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. ஃபில்டரிலோ கார்புரேட்டரிலோ அடைப்பு இருக்கும், தண்ணீரும் கலந்திருக்கலாம். முனை நனைந்திருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது, அல்லது தீப்பொறி இல்லை. பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் போடாமல் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். அதன்பின்னும் பயனில்லை என்றால், உப்புக்காற்றில் களிம்பேறிய வயர் இணைப்புகளையும் இக்னிஷன் காயிலையும் சோதிக்க வேண்டும். கயிறு இழுக்கத் தடையே இல்லாமல் வந்தால் சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

மண்ணெண்ணெய் எஞ்சினைக் கரை சேரும் முன் சற்றுநேரம் பெட்ரோலில் ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் குளிர்ந்த எஞ்சின் மறுநாள் எளிதில் கிளம்பாது.