லயத்துக்கு வரும் விருந்தாளி



கண்டி ஹந்தானையில் தொடங்கி, கொட்டகலை, நோர்வூட், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது 'பெக்கோ டிரெயில்' நடைபாதை. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தேயிலைப் பாதைகள்தாம்.

நடப்பவர் இரவில் எங்கே தங்குவார்?

காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரை பங்களாக்கள் சில இன்று சொகுசு விடுதிகள். கொழுந்து பறிப்பவர் வீட்டில் சுடச்சுட ரொட்டி, சம்பல், சாயத் தேத்தண்ணி எல்லாம் கிடைக்கும். விருந்தாளிக்கு ஒதுக்க அறைதான் இல்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் பலவற்றில் காம்பரா 10க்கு 12 அடி. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம்! காணி உறுதி இல்லாதவர் விடுதி நடத்துவது எப்படி?

அந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்கள், தோட்டத்துக் கடையில் சாப்பிடுங்கள். தோட்டத்துப் பிள்ளையையே வழிகாட்டியாக அழைத்துச் செல்லுங்கள். காசு கொஞ்சம் லயத்துப் பக்கமும் போகட்டும்.