பேரெண்ணின் பெயர் பூண்ட பொறி



ஒன்றன் பின் 16 சுழிகள் நின்றால் அவ்வெண்ணுக்குச் சப்பானியர் வழங்கும் பெயர் ‘கேய்’. நம் கணக்கில் அது நூறு கோடி கோடி. நொடிக்கு அத்துணைக் கணக்குகளைச் செய்யும் பொறியொன்றைக் கோபே நகரில் அமைத்த இரிகென் ஆய்வு நிறுவனத்தார், அதற்கு அயற்பெயர் தேடி அலைந்தாரல்லர். தம் எண்ணுப் பெயரையே சூட்டினர். ஆம்பல், வெள்ளம் எனப் பேரெண்களுக்குப் பெயர் கண்ட தமிழர்க்கு அதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பொறி எளிதிற் பிறந்ததன்று. 2002-இல் யோக்ககாமாவில் எழுந்த நிலவுலகப் பொறி, நொடிக்கு 35 நூறாயிரம் கோடிக் கணக்கு செய்து, 2004 வரை உலகில் முதலிடத்தில் நின்றது. பின்னர் அவ்விடம் அமெரிக்கருக்குப் போயிற்று. 2006-இல் புதிய பொறிக்கான பணி தொடங்கியது. 2009 நவம்பரில் அரசின் செலவாய்வுக் குழு குறுக்கே நின்றது. முதலிடம் எதற்கு, இரண்டாமிடம் போதாதா என்னும் பொருள்பட ஆங்கே வினா எழுந்தது. மக்கள் வரிப்பணத்தைக் காப்பவர் அவ்வாறு கேட்பது குற்றமன்று. ஆயின் விடை கூறும் கடமை அறிவியலாருக்கு உண்டு. நோபல் பரிசு பெற்ற அறிஞரும் முன்வந்து வாதாடினர், பணி பிழைத்தது. 2011 சூனில் அப்பொறி உலகில் முதலாவதாயிற்று.

பொறி விடுத்த விடை யாது? அதனைச் செயலிற் காண்க.

வண்டி உருளையின் இரப்பர்ப் பட்டைக்கு மூன்று தன்மைகள் வேண்டும்: எரிபொருளை மிச்சப்படுத்தல், ஈரத் தரையில் வழுக்காமை, விரைவில் தேயாமை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். சுமித்தோமோ இரப்பர் நிறுவனத்தார் இரப்பரின் நுண்ணிய உள்ளமைப்பைக் கேய்ப் பொறியில் கணக்காகக் கட்டி, அது நெகிழ்வதையும் கிழிவதையும் ஆராய்ந்து, அம்முரணைத் தணிக்க வழி தேடினர். 2013-இல் மற்றொரு குழுவினர் 173 கோடி நரம்பணுக்கள் கொண்ட வலையை அப்பொறியில் இயக்கினர். அவ்வலையின் ஒரு நொடி இயக்கத்தைக் கணக்கிட 40 மணித்துளிகள் ஆயின. அதுவும் மாந்த மூளையில் நூற்றில் ஒரு பங்கின் அளவே! தலைக்குள் இருப்பதன் பெருமையை மாந்தன் உணர அப்பொறி வேண்டியிருந்தது.

இத்துணை விரைவு எங்ஙனம் கிட்டுகிறது? ஒரு செயலியின் விரைவால் அன்று. ஒரு பெருவயலில் நூறு பெண்டிர் வரிசையாக நின்று நாற்று நடுவதைப் போல, ஆராயும் இடம் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு செயலிக்கும் சில கட்டங்கள் ஒப்படைக்கப்படும். ஒவ்வொரு படியிலும் அடுத்த கட்டத்தின் நிலையை அறிந்தே தன் கணக்கைத் தொடர இயலும். ஒருவர் பின்தங்கினால் வரிசையே நிற்கும். ஆகவே செயலிகளை இணைக்கும் பின்னலே பொறியின் உயிர்நாடி.

2019 ஆகத்தில் கேய்ப் பொறி ஓய்வு பெற்றது. அவ்விடத்திலேயே பூகாக்கு எழுந்தது. பூசி மலையின் மறுபெயர் அது: மலையின் உயரம் ஆற்றலையும், அகன்ற அடி பயன்கொள்வோர் பரப்பையும் குறிக்கும். 1,58,976 செயலிகள் கொண்ட அது, நொடிக்கு 4,420 கோடி கோடிக் கணக்கு செய்தது. முன்னைய பொறியினும் ஏறத்தாழ 42 மடங்கு விரைவு. மின்செலவோ இரண்டரை மடங்கிற்கும் குறைவு.

2020-இல் மகுடை நோய் பரவியபோது, பொறி முழுமையாகப் பணி தொடங்கு முன்னரே ஆய்வுக்கு அழைக்கப்பட்டது. இருமுவார் வாயினின்று தெறிக்கும் துளிகள் தொடர்வண்டியிலும் வகுப்பறையிலும் எவ்வாறு மிதக்கும், முகமூடி எவ்வளவு தடுக்கும், பலகணி திறந்தால் என்னாகும் எனக் கணக்கிட்டனர். காற்றில் ஈரம் குறையின் நுண்துளிகள் மிகுதியாய் மிதக்கும் என்பதும் விளங்கிற்று. கண்ணுக்குத் தெரியாததைக் கண்முன் காட்டி, எளிய மக்களுக்கு ‘பலகணியைத் திற’ என்று சொல்லும் ஆற்றலே அன்று பொறி ஈந்த பயன்.

2022-இல் அமெரிக்கப் பொறி ஒன்று பூகாக்குவை முந்தியது. முதலிடம் மீண்டும் கை நழுவிற்று. ஆயினும் செயலியை வகுக்கக் கற்ற கையும், பின்னலை இழைக்கக் கற்ற மூளையும் அந்நாட்டை விட்டுப் போயினவல்ல. 2009-இல் எழுந்த வினாவுக்கு உரிய விடை இதுவே: இடம் நிலையாது, ஈட்டிய அறிவு நிலைக்கும். விலைக்கு வாங்கிய பொறி பழுதானால் குப்பை. தாமே ஆக்கிய பொறி பழுதானாலும் அடுத்த பொறிக்கு விதை.