கணக்கு உதைத்தால், கடைசியாக டேலி ஆன நாளுக்குப் போங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கு என் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. சித்திரையில் அது இரண்டு வாரம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. எக்ஸெல்லில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நீலத் திரை வரும். தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஒருநாள் கணக்கு ஃபைலே திறக்கவில்லை.

முதலில் கரண்ட் மேல் பழி போட்டேன். பிறகு ரேம் விற்ற கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். கடைசியில் பேரன் போனில் சொன்னான்: "தாத்தா, பொங்கல் லீவுல வந்தப்ப நான்தான் ஓவர்கிளாக் பண்ணி வெச்சேன். அப்ப நல்லாத்தானே ஓடுச்சு!"

ஓவர்கிளாக் என்றால் ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. 100 மெகாஹெர்ட்ஸை 36 ஆல் பெருக்கினால் 3.6 கிகாஹெர்ட்ஸ். அவன் 36-ஐ 42 ஆக்கி, அது தாங்க வோல்டேஜையும் 1.20-லிருந்து 1.32-க்கு ஏற்றியிருந்தான். வேகம் கூடினால் வெப்பம் அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தில் கூடும். கிடைத்த வேகம் 17 சதவீதம். கூடிய வெப்பம் சுமார் 41 சதவீதம். தைக் குளிரில் தாங்கியது, நம்மூர் கத்திரி வெயிலில் தாங்கவில்லை.

வங்கியில் சாயங்காலம் கணக்கு உதைத்தால் என்ன செய்வோம்? கடைசியாக டேலி ஆன இடத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு பதிவாகப் பார்ப்போம். இதற்கும் அதே வழிதான்.

முதல் வேலை, ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துவைப்பது. பழைய பிரதியின் மேல் பதியாதீர்கள், தனியாக வையுங்கள்.

அடுத்து, பயாஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் தொல்லை தொடர்ந்தால் ஓவர்கிளாக் மட்டும் காரணமல்ல. ரேம், பவர் சப்ளை, தூசி அடைத்த ஃபேன் என்று தேட வேண்டும்.

மூன்றாவது, மெம்டெஸ்ட்86+ கொண்டு ரேமை இரவு முழுக்கச் சோதியுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. என் ரேமில் ஒன்றும் வரவில்லை.

நான்காவது, ப்ரைம்95. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய பெரிய பகா எண் தேடலில் பயன்படும் மென்பொருள் இது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் போடவைத்து, ப்ராசஸர் தப்பு செய்கிறதா என்று பார்க்கும். டிஃபால்ட்டில் என் கம்ப்யூட்டர் பாஸ். 42-ல் சில நிமிடங்களிலேயே பிழை காட்டியது.

வேகம் வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி சோதியுங்கள். பிழை வந்தால் வோல்டேஜை ஏற்றாமல் பெருக்கலை ஒன்று குறையுங்கள். வெயில் காலத்தில் ஒருமுறை சோதித்த பிறகே நம்புங்கள். நான் 36-லேயே விட்டுவிட்டேன். வரவு செலவு எழுத அதுவே தாராளம்.

ஒன்று சொல்ல வேண்டும். நீலத் திரையாவது தப்பு நடந்ததைச் சொல்லிவிடும். சத்தமில்லாமல் மாறிய ஒரு எண் சொல்லாது. அதனால் பொங்கலுக்குப் பிறகு பதிந்த அத்தனை வரவையும் ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். திறக்காத ஃபைலுக்குப் பழைய பிரதியை எடுத்து, விடுபட்டதை மீண்டும் பதிந்தேன். இப்போது பைசா சுத்தமாக டேலி. சந்தேகம் இருப்பவர்கள் ரசீதோடு வந்து பார்க்கலாம்.

கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பேரனிடம் ஒன்றுதான் சொன்னேன்: எதை மாற்றினாலும் தேதி போட்டு நோட்டில் எழுதி வை. அந்த நோட்டு இப்போது கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது.