மெஷினுக்கு எத்தனை கிலோ?



மூணாறில் நின்றுகொண்டு மெஷினே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காலையில் நாம் குடித்த டீத்தூளே பெரும்பாலும் மெஷின் செய்ததுதான். 1930களில் அசாமில் வந்த சி.டி.சி. உருளைகள் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளுகின்றன. ஃபேக்டரிக்குள் கைவேலை எப்போதோ குறைந்துவிட்டது. மலைச்சரிவில்தான் மிச்சம் இருக்கிறது. அங்கேயும் கொழுந்து வெட்டும் கத்தரி வந்தாயிற்று. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் போகிற இன்ஜின் மெஷினும் வந்தாயிற்று.

பக்கத்தில் நின்று பாருங்கள். கை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும். பிஞ்சுத் தளிரை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்கும். மெஷினுக்கு மட்டம் ஒன்றுதான் தெரியும். முற்றல், காம்பு, பிஞ்சு எல்லாம் ஒரே பையில் விழும். தராசுக்குக் கொண்டாட்டம்!

அந்தத் தராசைப் பற்றித்தான் பேச வந்தேன். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் பெண்கள், பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்திவிட்டு, ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீதம் போனஸ் கேட்டு வாங்கினார்கள். அடுத்த மாதம் 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது. கூடவே ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 ஆனது. கூலி ஏறினால் கிலோவும் ஏறும் என்றால், மெஷின் கைக்கு வந்தபின் அது எங்கே போய் நிற்கும்? தோளில் ஏறும் அதிர்வுக்கும் காதை அடைக்கும் இரைச்சலுக்கும் யார் கணக்கு எழுதுவது?

ஏலத்தோட்டத்துக்கு வாருங்கள். புற்றடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஆனால் காய் எல்லாம் ஒரே நாளில் விளையாது. தூரடியில் சரம் சரமாகக் கிடப்பதில் பருவம் பார்த்துப் பறிக்க, கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து வரும் பெண்களின் விரல்தான் வேண்டும். ஊரெல்லாம் நட்டிருக்கும் ஞள்ளானி ஏல ரகத்தைக் கொடுத்தது யார்? இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப். தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைப் பார்த்துப் பார்த்துப் பெருக்கியவர். தினமும் செடியைத் தொடுகிறவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது.

சங்கத் தலைவர்களே, அடுத்த கூலிப் பேச்சுக்குப் போகும்போது மெஷினுக்குத் தனிக் கிலோ, செங்குத்துச் சரிவுக்குத் தனிக் கிலோ என்று எழுதி வாங்கி வாருங்கள். போகும்போது கொழுந்தெடுக்கும் பெண்கள் இரண்டு பேரையாவது கூட்டிப் போங்கள். அவர்களையே பேச விடுங்கள்.